பொன்னாடைக்குள் ஒரு தகப்பன்

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பெயர் 'இரண்டு ஃபொஸ்காரிகள்'. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

படத்தில் இருக்கும் கிழவர் பிரான்செஸ்கோ ஃபொஸ்காரி. 1423 முதல் 34 ஆண்டுகள் வெனிஸ் குடியரசின் தலைவர். 'டோஜ்' என்பார்கள். பொன்னிழை ஆடை, பின்னால் கொம்புபோல் எழும்பும் தொப்பி. அதே படத்தில் அவர் மகன் ஜாகோப்போ, சித்திரவதைப்பட்ட உடம்போடு. ஆண்பிள்ளைகளில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். அவனை நாடுகடத்தும் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. தகப்பனார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஆட்சித் தலைவர்தானே, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று தோன்றும். முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் அரசுக் கடிதத்தைக்கூட டோஜ் தனியாகப் பிரிக்கக்கூடாது, ஆலோசகர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். தீர்ப்பு, அரசுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கும் பதின்மர் அவையின் கையில். கடைசிச் சந்திப்பில், எப்படியாவது என்னை வீட்டுக்கு வரவையுங்கள் என்று மகன் கெஞ்சினானாம். நாடு சொல்வதற்குக் கீழ்ப்படி, மேற்கொண்டு எதுவும் கேட்காதே என்றாராம் அப்பா. மகன் அந்தப் பக்கம் போனதும் கிழவர் உடைந்துபோனார் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. 1457 ஜனவரியில் கிரீட் தீவில் ஜாகோப்போ இறந்தான். அக்டோபரில் அதே பதின்மர் அவை அப்பாவையும் பதவியிலிருந்து இறக்கியது. நவம்பர் 1ஆம் தேதி அவரும் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், தெலக்ருவா இத்தாலிக்குப் போனதே இல்லை. அவருக்கு வெனிஸ் என்பது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொங்கிய வெனிஸ் ஓவியர் வெரொனேசேயின் ஓவியங்களும், இதே கதையை வைத்து ஆங்கிலக் கவிஞர் பைரன் எழுதி 1821இல் வெளிவந்த நாடகமும்தான். துணியின் பளபளப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறை சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். அந்தப் பொன்னாடை அத்தனை கனமாக இருப்பதால்தான், உள்ளே ஒடுங்கியிருக்கும் மனிதர் நம் கண்ணில் படுகிறார்.

இந்தப் படம் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். அது சேர்ந்தது ஓமால் கோமகனிடம். அவர் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் மகன். அப்பா 1848இல் அரியணையை இழந்தார், மகன் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தில் நாடுகடந்து வாழ்ந்தார். அவருடைய மூத்த மகன் 1866இல் சிட்னியில் இறந்தான், இளையவன் 1872இல். 1886இல் தம் ஷாந்தியி மாளிகையைப் படங்களோடு பிரெஞ்சுக் கல்விக்கழகத்துக்கு எழுதிவைத்தார். எந்தப் படத்தையும் இரவல் கொடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே கிழவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாரிஸிலிருந்து வடக்கே ரயில் ஏறி, அங்கேதான் போக வேண்டும்.