சேவலைக் குளிப்பாட்டும் முன் தண்ணீரைப் பாருங்கள்

[காட்சி: மேசைமேல் ஒரு வெள்ளைச் சேவல். கேமரா கழுத்து இறகுக்கு அருகில் போகிறது.]

வணக்கம். இந்தச் சேவலின் கழுத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கண்காட்சிக்காக நேற்று சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டுவந்த சேவல்தான். ஆனால் இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது, நிறம் மங்கியிருக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது. குளிப்பாட்டாமலே விட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

குற்றம் பாதி சோப்பில், பாதி தண்ணீரில். தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று இந்த ராமநாதபுரம் கரையோரத்தில் எங்கே அடிகுழாய் போட்டாலும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். குளியல் சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது, கரையாத பசையாகத் திரிந்துவிடும். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் இறகின் இடுக்கிலும் போய் உட்காருகிறது. வெளியூர் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்கிறவர்களுக்கு இங்கே சரியாக வராததற்கு இதுதான் காரணம். அதனால் இன்றைக்கு நம் ஊர்த் தண்ணீரை வைத்தே பேசுவோம்.

[காட்சி: இரண்டு சேவல்கள். ஒன்று கருங்கீரி என்கிற இருண்ட நிறம், ஒன்று வெள்ளை.]

முதலில், எல்லாச் சேவலையும் முக்கிக் குளிப்பாட்ட வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கிளிமூக்கு விசிறிவால் சேவல்கள் அசில் என்கிற சண்டைச் சேவல் வகை. இறகு கெட்டியாக, உடம்போடு ஒட்டி, இயற்கையாகவே மினுங்கும். காகம், கருங்கீரி, மயில் மாதிரி இருண்ட நிறங்களுக்கு முகம், கால், பின்பக்கம் மூன்றையும் கழுவி, உடம்பை ஈரத்துணியால் இறகுப்போக்கில் துடைத்தால் போதும். முழுக்க ஊறவைத்தால் அந்தக் கெட்டித்தன்மை தளர்ந்து, சேவல் சில நாளைக்குப் பொதபொதவென்று தெரியும். முழுக் குளியல் வெள்ளைச் சேவலுக்கும், காலில் இறகுள்ள பிரம்மாவுக்கும், சில்க்கி போன்ற அழகுக் கோழிகளுக்கும்தான்.

இடையில் ஒரு செய்தி. இங்கிலாந்தில் 1835-இல் சேவல் சண்டையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1845-இல், லண்டன் விலங்கியல் பூங்காவில் பெரிய கோழிக் கண்காட்சி ஒன்று நடந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கண்காட்சி 1849-இல். களத்தில் நின்ற பறவை மேசைக்கு வந்தது. நம் பக்கம் திண்டுக்கல் போன்ற ஊர்களில் நடக்கிற கிளிமூக்கு விசிறிவால் கண்காட்சிகளிலும் சண்டை கிடையாது. மூக்கு, கொண்டை, கண், வால், நிற்கிற கம்பீரம் இவற்றைத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது அழுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, எப்போது குளிப்பாட்டுவது? கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால். முந்தின நாள் இரவு வேண்டாம். வால் தொடங்குகிற இடத்தில், மேல்பக்கம், சின்ன மொட்டுப்போல ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. சேவல் அதிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து இறகில் தடவிக்கொள்ளும். குளியலில் அந்த எண்ணெய் போய்விடும். திரும்பத் தடவி மினுமினுப்பு வர அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும்.

பேன் வேலை அதற்கும் முன்னால். மூன்று வாரம் இருக்கும்போதே பின்பக்க இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. மருந்து பெரிய பேனைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். அதனால் ஏழு முதல் பத்து நாளில் இரண்டாவது தடவை போட வேண்டும். வேப்பெண்ணெய் தடவுகிறவர்கள் வெள்ளைச் சேவலில் கவனம், கறை இறங்க நாளாகும்.

[காட்சி: வரிசையாக மூன்று தொட்டிகள். பக்கத்தில் ஒரு குடம்.]

இப்போது குளியல். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில், கோழிக்கு மூன்று தொட்டி நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். முதல் இரண்டு தொட்டிக்கும் உப்புத் தண்ணீரே போதும். கடைசிக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர். காவிரிக் குழாய்த் தண்ணீரோ, ஊற்றுத் தண்ணீரோ, எது கிடைத்தாலும் சரி. பொங்கலை ஒட்டிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால், அதைவிட மேலான தண்ணீர் இல்லை.

சூடு முக்கியம். கோழியின் உடம்பு வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தண்ணீர் 35-லிருந்து 38 வரை இருக்கலாம். முழங்கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரை மதியத்தில் அப்படியே பிடித்து ஊற்றிவிடாதீர்கள், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

முதல் தொட்டியில் சோப்புக்குப் பதில் ஷாம்பு. பாக்கெட் ஷாம்பு போதும், அது உப்புத் தண்ணீரில் திரியாது. சீயக்காயும் திரியாதுதான், ஆனால் தூள் இறகுக்குள் தங்கும், வெள்ளையில் பழுப்பு ஏறும். ஷாம்புவை முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டு அப்புறம் சேவலை இறக்குங்கள்.

"தம்பி, இறக்கை ரெண்டையும் சேர்த்துப் பிடி. தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும்."

முதலில் கொஞ்சம் திமிறும். வெதுவெதுப்பு ஏறியதும் கண் சொக்க ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் அந்த நேரத்தில் கையை எடுத்துவிட்டால் தலை தண்ணீருக்குள் சாய்ந்துவிடும்.

கசக்காதீர்கள். கழுத்திலிருந்து வாலை நோக்கி, இறகு போகிற திசையிலேயே கையை ஓட்டுங்கள். இறகின் தண்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் சின்னக் கிளை என்று போகும். அந்தச் சின்னக் கிளைகளில் இருக்கிற நுண்ணிய கொக்கிகள் பக்கத்துச் சின்னக் கிளையைப் பிடித்துக்கொண்டுதான் இறகு பலகையாக நிற்கிறது. எதிர்த்திசையில் தேய்த்தால் கொக்கி கழன்று இறகு பிரிந்துபோகும். சில்க்கிக் கோழிக்கு இந்தப் பிடிப்பே இல்லை. அதனால்தான் அது பஞ்சாக இருக்கிறது, தண்ணீரும் நேராகத் தோல்வரை போய்விடுகிறது. வால் இறகை ஒவ்வொன்றாக விரல் நடுவில் வைத்து உருவுங்கள். ஒடிந்த வால் இறகு அடுத்த இறகு உதிர்ப்பு வரை வளராது. விசிறிவால் சேவலுக்கு அது ஒரு வருடத்தையே கெடுத்துவிடும்.

இரண்டாவது தொட்டியில் பத்து லிட்டருக்கு அரை டம்ளர் வினிகர். தப்பித் தவறித் தங்கிய பசையையும் உப்புப் படிவையும் அது கரைக்கும். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சம்பழச் சாற்றை வடிகட்டி ஊற்றலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் ஒரு குடம். குவளையால் மேலிருந்து மெதுவாக ஊற்றினால் தண்ணீர் வீணாகாது. வெள்ளைச் சேவலுக்கு இதில் ஒன்றிரண்டு சொட்டு நீலம் கலக்கலாம். ஆசைப்பட்டுக் கூடினால் நீலச் சேவலோடுதான் கண்காட்சிக்குப் போக வேண்டும்.

[காட்சி: துண்டில் சுற்றிய சேவல்.]

துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காயவைக்கும் இடத்தில்தான் நம் ஊர் விளையாட்டுக் காட்டும். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே விட்டால் அரைமணியில் புழுதி அப்பிவிடும். வாடைக்காற்றில் விட்டால் குளிர் பிடிக்கும். கடலைப் பார்த்த கூண்டென்றால் உப்புக்காற்று திரும்பவும் பிசுபிசுப்பை ஏற்றும். அறைக்குள் வைக்கோல் பரப்பி விடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். சேவல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். மூன்று நாளும் வெள்ளைச் சேவலை வெயிலில் விடாதீர்கள், வெயில் பட்டால் வெள்ளை பழுப்பேறும்.

காலுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். செதிலின் போக்கிலேயே தேய்த்தால் அழுக்கு வரும், தூக்கிக் குத்தாதீர்கள். செதில் தானாகவே தூக்கிக்கொண்டு பொருக்குத் தட்டியிருந்தால் அது அழுக்கில்லை, உண்ணி நோய். அந்தச் சேவலைக் கொண்டுபோக வேண்டாம். நகத்தின் கூர்முனையை அரத்தால் லேசாக மழுக்கலாம். காலில் மஞ்சள் பூசுவது, இறகுக்குச் சாயம் ஏற்றுவது எல்லாம் ஏமாற்று வேலை.

கொண்டைக்கும் தாடிக்கும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதுவும் மேசையில் ஏற்றும் முன்தான். வீட்டிலேயே தடவிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் போனால் வழியில் உள்ள தூசியெல்லாம் அங்கேதான் இருக்கும். பெட்டி வால் மடங்காத நீளத்தில் இருக்கட்டும். அடியில் வைக்கோல் போடுங்கள், மரத்தூள் இறகில் ஏறும்.

கடைசியாக, பலரும் விட்டுவிடுகிற ஒன்று. கண்காட்சியில் பல ஊர்க் கோழிகள் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் நிற்கும். வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் பரவ அது போதும். அதற்கான தடுப்பூசியைக் கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். பரிசோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், திரும்பி வந்த சேவலை இரண்டு வாரம் தனிக்கூண்டில், மற்றக் கோழிகளுக்கு எட்டத்தில் வையுங்கள். அதற்குத் தீனியும் தண்ணீரும் எல்லாக் கோழிக்கும் வைத்து முடித்த பிறகு, கடைசியாக.