ஒரு பாடகியின் பங்காளிகள்

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பின்வரிசையில் கேட்கிறதா? சரி.

இன்றைக்கு ஆனி டிஃப்ராங்கோ என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றியும் அவருடைய ரசிகர்களைப் பற்றியும் பேசப் போகிறேன். யார் இது என்று சிலர் பக்கத்தில் கேட்பது தெரிகிறது. அதில் ஒன்றும் குறைவில்லை. ரேடியோவில் வருவதை மட்டுமே கேட்டு வளர்ந்த அமெரிக்கர்களில்கூடப் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், விடமாட்டார்கள். இந்தப் பாட்டை ஆல்பத்தில் மெதுவாகப் பாடினார், மேடையில் வேகத்தைக் கூட்டிவிட்டார், அந்த வருடம் டிரம்ஸ் வாசித்தவர் வேறு என்று ஆரம்பித்து, கடைசியில் சண்டையில் முடிப்பார்கள். ஆனியோடு சண்டை. அவர் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் அவரோடுதான் சண்டை.

இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. பங்காளிகளுக்குள்தான் வரப்புத் தகராறு வரும். வழிப்போக்கனுக்கு அந்த நிலத்தில் என்ன வேலை? ஆனியின் ரசிகர்கள் பங்காளிகள். அந்தப் பங்கு அவர்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பஃபலோ, நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஈரி ஏரிக் கரையில் இருக்கும் ஊர். எஃகு ஆலைகள் ஓஹோவென்று ஓடி, அப்புறம் ஒவ்வொன்றாக மூடிப்போன ஊர். ஆனி 1970ல் அங்கே பிறந்தார். ஒன்பது வயதில் கிட்டார் கைக்கு வந்தது. மைக்கேல் மெல்ட்ரம் என்ற உள்ளூர்ப் பாடகர் அந்தச் சிறுமியைத் தன் சிநேகிதியாகவே நடத்தி, மேடையேற்றிப் பாடவைத்தார். பதினைந்து வயதில் ஆனி தனியாக வாழத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நாளில் நியூயார்க் நகரம். மதுக்கடைகளிலும் காபிக் கடைகளிலும் பாடுவார். பாடி முடித்ததும் சிலர் வந்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். அப்படிக் கேட்டவர்களுக்காகத்தான் 1990ல் முதல் கேசட் வந்தது. குரல், ஒரு கிட்டார், வேறொன்றும் இல்லை. முதலில் போட்டது 500 பிரதிகள். வெளியிட ஒரு கம்பெனி வேண்டுமே, அதற்கும் அவரே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அதுதான் பிறகு ரைச்சஸ் பேப் ரெக்கார்ட்ஸ் ஆனது.

அடுத்த சில வருடங்களை அவர் சாலையில் கழித்தார். கல்லூரி, கல்லூரியாகப் போவார். நாட்டுப்புற இசை விழாக்களில் பாடுவார். பாடி முடித்ததும் கேசட்டைத் தன் கையாலேயே விற்பார். வாங்கிய பெண் அதைப் பிரதி எடுத்து வேறு ஊரில் படிக்கும் தோழிக்கு அனுப்புவாள். அடுத்த வருடம் அந்த ஊரில் ஆனி பாடப் போகும்போது, அதுவரை போயிராத ஊரில் முதல் வரிசையில் இருப்பவர்கள் எல்லா வரிகளையும் கூடவே பாடுவார்கள். பெரிய கம்பெனிகள் திருட்டுப் பிரதி என்று குதிக்கிற காரியம்தான் இவருக்கு விளம்பரமாக இருந்தது. இவரிடம் வேறு விளம்பரமும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் புரியாது. ஒரு பெரிய இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டால் பாடகருக்கு முன்பணம் கிடைக்கும். அது கடன் மாதிரி. ஸ்டுடியோ செலவு, வீடியோ செலவு எல்லாம் பாடகரின் பங்கில் கழியும். கழிந்த பிறகு மிச்சமிருந்தால் அவருக்கு. மூலப்பதிவு பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. ஆனியையும் பெரிய கம்பெனிகள் கூப்பிட்டன. அவர் போகவில்லை. விற்பது குறைவுதான், ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் அவருக்குக் கிடைத்தது அதிகம், பதிவும் அவருடையது. இந்தத் துணிச்சலைப் பத்திரிகைகள் புகழ ஆரம்பித்தன. பாட்டைப் புகழ்வதைவிட வியாபாரத்தைப் புகழ்வது அதிகமாகிவிட்டது. 1997ல் மிஸ் என்ற பெண்ணியப் பத்திரிகை வரும் நூற்றாண்டுக்கான பெண்ணியவாதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் ஆனியைச் சேர்த்தது. சேர்த்ததற்குச் சொன்ன காரணம்: அன்றைக்கு மிகப் பிரபலமாக இருந்த ஒரு ராக் குழுவைவிட ஒரு ஆல்பத்துக்கு இவர் அதிகம் சம்பாதிக்கிறார். ஆனிக்குக் கோபம் வந்துவிட்டது. பத்திரிகைக்கு நீண்ட பகிரங்கக் கடிதம் எழுதினார். என் கல்லறையில் கம்பெனித் தலைவர் என்று எழுதிவிடாதீர்கள், பாட்டெழுதியவள், கதைசொல்லி என்று எழுதுங்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கோபக் கடிதங்களில் எனக்குப் பிடித்த ஒன்று இது.

இந்தக் கோபம் ரசிகர்களுக்கு உடனே புரிந்தது. அவர்கள் வந்தது மேடைக்காக.

அந்த மேடையைப் பற்றிச் சொல்கிறேன். குள்ளமான உருவம், கனமான பூட்ஸ், கையில் மின்சாரம் இல்லாத சாதாரண மர கிட்டார். வலது கை விரல்களில் செயற்கை நகங்களைப் பசை வைத்து ஒட்டி, மேலே எலெக்ட்ரீஷியன் உபயோகிக்கும் கறுப்பு டேப்பைச் சுற்றியிருப்பார். அவர் வாசிக்கிற வேகத்துக்கும் அடிக்கிற அடிக்கும் சொந்த நகம் தாங்காது. கட்டைவிரல் தடித்த தந்தியில் பேஸ் வாசிக்கும், மற்ற விரல்கள் மெட்டைப் பிடிக்கும், நடுவில் தந்திகளை அறைந்து தாளமும் வந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு தந்திகளின் சுருதியை மாற்றிக்கொள்வார், அதனால் ரெக்கார்டைக் கேட்டு வாசிக்கப் பழகுகிறவர்கள் திணறுவார்கள். இப்படி வருடக்கணக்கில் வாசித்ததில் 2005ல் கையின் தசைநாண்கள் வீங்கி, பல மாதம் மேடையேறாமல் இருக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு முன்னால் அவர் அவ்வளவு நாள் ஓய்வு எடுத்ததே கிடையாது.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் அவரோடு மேடையில் இருந்தவர் ஒரே ஒருவர், டிரம்ஸ் வாசித்த ஆண்டி ஸ்டோசான்ஸ்கி. அப்புறம் பேஸ் கிட்டாரோடு சாரா லீ சேர்ந்தார். இந்த மூவர் கூட்டணியின் உச்சம் 1997ல் வந்த லிவிங் இன் கிளிப் என்ற இரட்டை லைவ் ஆல்பம். ரசிகர்கள் பலரும் ஸ்டுடியோ ஆல்பங்கள் அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நானும் அப்படித்தான். சத்தம் எல்லையைத் தாண்டும்போது ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரியும் அல்லவா, அதைத்தான் கிளிப் என்பார்கள், அந்த விளக்கு அணையாமலே நடந்த கச்சேரிகள் அவை. சிரிப்பை வெட்டவில்லை. பாட்டுக்கு நடுவே கூட்டத்தோடு அவர் அடிக்கும் அரட்டையையும் வெட்டவில்லை, அதில் சில துண்டுகளுக்குத் தனித் தலைப்பே கொடுத்துப் பாட்டு மாதிரி சேர்த்திருக்கிறார்கள். ரசிகர்கள் அந்த அரட்டையையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்! முதல் கேசட்டில் தனியாக கிட்டார் வைத்துப் பாடிய முதல் பாட்டை, ஏழு வருடம் கழித்து இந்த ஆல்பத்தில், சொந்த ஊரின் பஃபலோ ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு பாடியிருக்கிறார். வயலின்கள் எழும்பும்போது அந்தச் சின்னப் பாட்டு நசுங்கிவிடுமோ என்று தோன்றும். நசுங்கவில்லை.

ஸ்டுடியோ ஆல்பங்களைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று என்று வந்தன, 1999ல் இரண்டு. எல்லாமே நன்றாக இருக்க வாய்ப்பில்லை, இல்லை. 1995ல் வந்த நாட் எ ப்ரிட்டி கேர்ள், அடுத்த வருடம் வந்த டைலேட், 1998ல் வந்த லிட்டில் பிளாஸ்டிக் காசில் மூன்றும் தனி உயரம். கடைசியாகச் சொன்னது, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் 22ஆம் இடத்தில் நுழைந்தது. பின்னால் பெரிய கம்பெனி இல்லாத ஒரு ஆளுக்கு அன்றைக்கு அது பெரிய விஷயம். அதற்கப்புறம் டிரம்பெட், சாக்ஸஃபோன் என்று வாத்தியங்கள் கூடின, ஜாஸ் வாடை வந்தது. 2001ல் வந்த இரட்டை ஆல்பத்தில் அழகான இடங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 2004ல் எல்லோரையும் அனுப்பிவிட்டு, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து, தானே பதிவு செய்து எஜுகேட்டட் கெஸ் என்ற ஆல்பத்தைக் கொடுத்தார். பழைய ரசிகர்களுக்கு மூச்சு திரும்பியது.

சரி, சண்டைக்கு வருவோம். இரண்டு சண்டைகளைச் சொல்கிறேன், ஒன்றில் ரசிகர்கள் தப்பு, இன்னொன்றில் ஆனி தப்பு.

ஆரம்பத்திலிருந்தே ஆனி, தான் பெண்களையும் காதலிப்பேன், ஆண்களையும் காதலிப்பேன் என்று வெளிப்படையாகப் பாடியவர். அந்தக் காலத்தில் அப்படிப் பாட ஆள் குறைவு. அதனால் பெண்களைக் காதலிக்கும் பெண்கள் பலர் அவரைத் தங்களவர் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். டைலேட் முழுக்க ஓர் ஆணின் மீதான காதலின் வலி. 1998ல் தன் ஒலிப்பொறியாளரான ஒருவரை மணந்துகொண்டார். ரசிகர்களில் ஒரு பகுதி, எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று கொதித்தது. அந்த ஏமாற்றத்தின் வேர் எனக்குப் புரிகிறது. பொதுவெளியில் தங்களைப் பற்றிப் பேச ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது என்றால், அந்தக் குரல் அசைந்தாலே பயம் வரும். ஆனாலும் தப்புதான். இரண்டு பக்கமும் உண்டு என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். கேட்டவர்கள் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். பங்கு பாட்டில் இருக்கலாம், கல்யாணத்தில் கிடையாது.

இரண்டாவது 2013 டிசம்பரில். பாட்டெழுத ஆர்வமுள்ளவர்களுக்கு அடுத்த வருடம் ஒரு முகாம் நடத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. இடம், லூசியானா மாநிலத்தில் நாட்டவே என்ற பழைய தோட்ட மாளிகை. உள்நாட்டுப் போருக்கு முன்பு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த ஒரு கரும்பு முதலாளி கட்டிய வீடு அது. பிற்காலத்தில் சுற்றுலா விடுதியாக, கல்யாண மண்டபமாக மாறியிருந்தது. அநீதிக்கு எதிராக இருபது வருடம் பாடியவர் அங்கேயா முகாம் போடுவது? ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள், முன்னால் நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். ஆனி முகாமை ரத்து செய்தார், ஆனால் அதற்கு எழுதிய அறிக்கையில் மன்னிப்பைவிடச் சமாதானம் அதிகம். திட்டு இன்னும் கூடியது. சில நாட்களில் இரண்டாவது அறிக்கை வந்தது, அதில் நேரடியாக மன்னிப்புக் கேட்டிருந்தார். சிலர் அத்தோடு விலகிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மாளிகை 2025 மே மாதம் எரிந்து போனது, அது தனிக்கதை.

இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், அவரைத் திருப்பி நிறுத்தியவர்கள் எதிரிகள் இல்லை, கேசட் காலத்து ஆட்களும் அவர்களிடம் பாட்டை வாங்கிக்கொண்டவர்களும். அவர் பாடியதை அவருக்கே திருப்பிச் சொன்னார்கள். ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய ரசனை என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ரசிகர்கள் கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்டால், பஃபலோவுக்குப் போய்ப் பார்க்கலாம். டெலவேர் அவென்யூவில் 1870களில் கட்டிய ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இடிந்து விழுகிற நிலையில் இருந்தது. இடித்துவிடலாம் என்று பேச்சு. ஆனியும் அவருடைய மேனேஜர் ஸ்காட் ஃபிஷரும் அதை எடுத்துச் சீரமைத்தார்கள். இன்றைக்கு அது பேப்வில். கச்சேரி மண்டபம், கலைக்கூடம், ரெக்கார்டு கம்பெனியின் அலுவலகம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கம்பெனி மற்றவர்களுக்கும் இடம் கொடுத்தது. கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ் கதையை வைத்துப் பாடகி அனைஸ் மிச்செல் எழுதிய ஹேட்ஸ்டவுன் 2010ல் இந்தக் கம்பெனியில்தான் ஆல்பமாக வந்தது. பாதாள ராணி பெர்சிஃபோனியாக ஆனி பாடினார். அது வளர்ந்து நியூயார்க்கின் பெரிய நாடக அரங்கங்கள் இருக்கும் பிராட்வே போய் 2019ல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது வாங்கியது. 2024ல், ஐம்பத்து மூன்று வயதில், ஆனி அதே வேடத்தில் பிராட்வே மேடையேறினார். டிக்கெட் வாங்கிப் போன பழைய ரசிகர்கள் அவர் முதல் முறை வாயைத் திறந்ததுமே கத்தியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். முதல் கேசட்டில் ஆரம்பிக்காதீர்கள், அது ஏற்கெனவே பிடித்துப் போனவர்களுக்கு. லிவிங் இன் கிளிப், கொஞ்சம் சத்தமாக வைத்து, அரட்டையைத் தாண்டிப் போகாமல் கேளுங்கள். பிடித்தால் டைலேட். அப்புறம் 2002ல் வந்த இன்னொரு லைவ் ஆல்பம், சோ மச் ஷவுட்டிங் சோ மச் லாஃப்டர். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அவர் எழுதிய நீண்ட கவிதை அதில் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், அம்மணி வாய்க்குப் பூட்டுப் போட்டதே கிடையாது.