நீதிக்குத் தடை சட்டமா, அதைக் கையாள்பவர்களா? கையாள்பவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர்கள் மீதே பதிவாகின்றன. அந்தப் பெண்களுக்கு நீதி எட்டாமல் போவது சட்டத்தின் குறையால் என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். ‘இசைவு’ என்பதற்கே தெளிவான விளக்கம் இல்லையாம்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவில் விளக்கம் இருக்கிறது. ஐயத்துக்கு இடமின்றி, தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தரும் ஒப்புதலே இசைவு. முத்தத்துக்குச் சொன்ன ‘சரி’ மற்றதற்குச் செல்லாது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து இசைந்தாள் என்று கொள்ளக் கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. 2013-லேயே பழைய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்துவிட்ட வாசகம் இது. ஆனாலும் 2017-ல், பழகிய இருவருக்கு இடையிலான ஒரு வழக்கில், பெண்ணின் பலவீனமான ‘வேண்டாம்’ சில நேரம் ‘சரி’ ஆகலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் எழுதியது. சந்தேகத்தின் பலனைத் தந்து விடுவித்தது. பலவீனமான ‘வேண்டாம்’ என்ற வகை எந்தப் பிரிவில் இருக்கிறது?

காவல் நிலையத்துக்கு வாருங்கள். “தெரிஞ்ச பையன்தானேம்மா, விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடுறோம்” என்று, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டுகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, முதற்கட்ட விசாரணையை 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கே அனுமதிக்கிறது. வன்கொடுமைக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. பதிய மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்றும் சட்டம் சொல்கிறது.

சமரசம் பேசியே இரண்டு மூன்று நாள் போகிறது. உடலில் தடயம் கிடைக்கும் வாய்ப்பு 72 மணி நேரத்துக்குப் பின் வெகுவாகக் குறையும். அன்று உடுத்திய துணியை யாரோ பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கிறார்கள். ஈரம் தங்கித் தடயம் கெடுகிறது. காகிதப் பை போதும், அதைச் சொல்லக்கூட ஆளில்லை. புகார் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பாமல் மருத்துவமனை உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பதும் சட்டமே.

தெரிந்தவன் வழக்கில் இன்னொன்று உண்டு, இதைத்தான் விசாரணை அதிகாரிகள் கோட்டைவிடுகிறார்கள். உறவு நடந்ததைப் பெரும்பாலும் அவன் மறுப்பதில்லை. “அவளும் சம்மதித்தாள்” என்பான். அப்போது டி.என்.ஏ. அறிக்கை எதைத் தீர்க்கும்? வழக்கு நிற்பதும் விழுவதும் கைப்பேசியில். மறுநாள் காலை அவள் அவனுக்கு அனுப்பிய ‘குட் மார்னிங்’கை எதிர்த்தரப்பு வாசித்துக் காட்டும். ஒரே அலுவலகத்தில் தினமும் முகம் பார்க்க வேண்டியவள், எதுவும் நடக்காதது போல் இருந்துவிட முயன்றிருக்கலாம். அன்றிரவே தோழிக்கு அனுப்பிய ‘பயமா இருக்குடி, பேசணும்’ என்ற செய்தியும், அவனே அனுப்பிய ‘ஸாரி, நேத்து ஓவரா போயிட்டேன்’ என்ற செய்தியும் அதே போனில் இருக்கும். போனைக் கைப்பற்றாமல் நாலு ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தால், புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியம் 63-வது பிரிவு கேட்கும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்புடன் கூடிய சான்றிதழ் இல்லையென்று அடிபட்டுப் போகும். தோழியைச் சாட்சியாகவே சேர்ப்பதில்லை.

எதிரணி சொன்னதில் ஒன்றை மறுக்க மாட்டேன்: 18 வயது நிறைந்த மனைவி விஷயத்தில் கணவனுக்குத் தரும் விலக்கு சட்டத்தின் குறைதான், அது போக வேண்டும். ஆனால், உறவினர், ஆசிரியர் மீதான வழக்கில் உறவு நடந்தது நிரூபணமானபின் பெண் “இசையவில்லை” என்றாலே அப்படி அனுமானிக்கும் சாட்சிய அதினியத்தின் 120-வது பிரிவு, நண்பன் என்றால் உதவாது, ஆகவே வழக்கு தோற்கும் என்றார்களே? நம்பத்தகுந்ததாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று 1996-லேயே குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த ஒற்றைச் சாட்சியத்தைத்தான் கூண்டில் ஏற்றி உடைக்கிறார்கள். “இதுக்கு முன்னாடி எத்தனை பேரோட பழக்கம்?” என்கிறது குறுக்கு விசாரணை. இசைவு பற்றிய வழக்கில் முந்தைய பாலுறவு அனுபவத்தைக் கேட்கக் கூடாது என்று சாட்சியச் சட்டம் தடுக்கிறது. அந்த நொடியில் எழுந்து ஆட்சேபிக்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். அவர் உட்கார்ந்தே இருந்தால், எந்தப் பிரிவைத் திருத்துவது, நடுவர் அவர்களே?