தரகருக்கு ஒரு முகவரி

(மும்பை செம்பூரில் தமிழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் தேவனார் பக்கம்தான். 1971 முதல் மாநகராட்சி நடத்தும் இறைச்சிக்கூடமும் ஆட்டுச் சந்தையும் அங்கேதான், 64 ஏக்கர். பக்ரீத்துக்கு முந்தின வாரம் போய்ப் பாருங்கள். ராஜஸ்தானின் சிரோஹி, வடக்கிலிருந்து பார்பரி, இந்த மாநிலத்தின் உஸ்மானாபாதி என்று லட்சத்துக்கும் மேல் ஆடுகள் வந்து இறங்கும். வாசலிலேயே ஆட்டை எண்ணிக் கட்டணம் வாங்கிவிடுவார்கள். ஆட்டுக்குக் கணக்கு உண்டு. வளர்த்தவன் வீட்டிலிருந்து அந்த வாசல் வரை ஆட்டைக் கைமாற்றிவிட்ட தரகர்களுக்குத்தான் கணக்கு இல்லை. கால்நடைத் தரகருக்கும் வியாபாரிக்கும் உரிமமும், ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீதும் வேண்டும் என்று பேசத்தான் வந்தேன்.

என் சித்தப்பா திருநெல்வேலிச் சீமையில் ஆடு வளர்த்தவர். சின்ன வயதில் அவரோடு சந்தைக்குப் போவேன். வயதைத் தெரிந்துகொள்ள வியாபாரி ஆட்டின் உதட்டை விரலால் பிரித்து, ‘ரெண்டு பல்லு’ என்பார். அப்புறம் இருவர் கை மேலும் துண்டு விழும். அதற்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் நடக்கும். பிடித்த விரல் நூறா, ஆயிரமா என்பது அந்த இருவருக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்கும் எனக்குத் தெரியாது. அழகான பழக்கம்தான், ஆனால் அதற்குச் சாட்சி கிடையாது. ஒரு தடவை பதினாலு கிடாய்களுக்கு அச்சாரம் மட்டும் கொடுத்துவிட்டு, ‘மீதியை அடுத்த சந்தையில வாங்கிக்கங்கண்ணே’ என்று ஓட்டிப்போனார் ஒருவர். அடுத்த சந்தைக்கு அவர் வரவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில் முதலில் கேட்டது, ‘ஆள் பேர் என்ன, எந்த ஊர், ரசீது இருக்கா?’ சித்தப்பாவிடம் மூன்றுமே இல்லை. அந்த வருஷம் என் அக்காவுக்குப் பார்த்திருந்த கல்யாணம் தள்ளிப்போனது.

சட்டம் இல்லாமல் இல்லை. மராட்டியத்தின் 1963ஆம் வருஷ விளைபொருள் சந்தைச் சட்டப்படி, ஒழுங்குமுறைச் சந்தையில் வியாபாரியும் கமிஷன் ஏஜெண்டும் உரிமம் வாங்க வேண்டும். ஆனால் தொழுவத்திலும் சாலையோரத்திலும் நடக்கும் வியாபாரத்தில் அந்த உரிமத்தை யார் கேட்கிறார்கள்?

2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. சந்தையைப் பதிவு செய்ய வேண்டும், மாவட்டக் குழு கண்காணிக்க வேண்டும், நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கூடவே, இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றும் இருந்தது. ஒரே வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டியது. இந்தச் சண்டையில் தண்ணீர்த் தொட்டியையும் பதிவேட்டையும் பற்றிப் பேச ஆளில்லாமல் போனது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

அமெரிக்காவில் 1921லேயே இதற்கென்று சட்டம் செய்தார்கள். அங்கே கால்நடை வியாபாரி பதிவு செய்துகொள்ள வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும். வாங்கிய மாட்டுக்கு அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பணம் போய்விட வேண்டும். சித்தப்பா கதையைப் படித்துவிட்டு எழுதியது போல இருக்கிறது!

நோய் விஷயம் இதைவிடப் பெரியது. 2001இல் இங்கிலாந்தில் கோமாரி வந்தது. யாருக்கும் தெரிவதற்கு முன்பே ஹெக்ஸாம், லாங்டவுன் சந்தைகள் வழியாக வியாபாரிகளின் ஆடுகள் அதை நாடெங்கும் கொண்டுபோய்விட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. இங்கே 2022இல் தோல் கட்டி நோய் வந்தபோது மராட்டியத்தில் மாட்டுச் சந்தைகளையே மூடினார்கள். எந்த மாடு யார் கை வழியாக எங்கே போனது என்று எழுதி வைத்திருந்தால், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் திறந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மாட்டின் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறது, பன்னிரண்டு இலக்க எண்ணோடு. விற்றவர், வாங்கியவர் பெயரோடு அந்த எண்ணையும் ரசீதில் எழுதினால் போதும்.

வியாபாரிகளைத் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. வழியில் செத்துப்போகும் ஆட்டின் நஷ்டம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. ராத்திரியில் லாரியை மறித்து மிரட்டினால், காட்ட ஒரு தாள் இல்லாமல் நிற்பதும் அவர்கள்தான். உரிமம் அவர்களுக்கும் கவசம். ஆனால் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும், தாலுகா கால்நடை மருந்தகத்திலேயே அன்றைக்கே கிடைக்க வேண்டும். பத்து ஆடு வைத்து வியாபாரம் செய்கிறவரை மும்பைக்கு அலையவிட்டால், அவர் உரிமம் இல்லாமலேதான் தொழில் செய்வார்.

சரி, நேரமாகிவிட்டது. இதையெல்லாம் கேட்கும் மனு தமிழிலும் மராத்தியிலும் வாசல் மேசையில் இருக்கிறது. தாராவியிலிருந்து வந்தவர்களில் ஊரில் இன்னும் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ச் சந்தையின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.