புள்ளலூரில் விழுந்த அடி, கொசஸ்தலைக் கரையில் தொடங்கியது

நண்பர்களே, வணக்கம்.

சீரங்கப்பட்டணம் போனவர்கள் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே மைசூர்ப் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் மோதிய புள்ளலூர்ப் போரைத் திப்பு அங்கே ஓவியமாகத் தீட்ட வைத்தார். சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் சதுரமாகக் கட்டி நிற்கிறார்கள். சுற்றிலும் மைசூர்க் குதிரைகள். நடுவில் வெடிமருந்து வண்டி தீப்பிழம்பாகச் சிதறுகிறது. பல்லக்கில் இருக்கும் கம்பெனித் தளபதி கர்னல் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நான் அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி, மைசூர்ப் படையின் வாணம், அதாவது ராக்கெட், ஒன்று பறந்து வந்து வண்டியில் விழுந்ததால்தான் வெள்ளைக்காரன் தோற்றான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சொல்லும் கதை அதுதான். மைசூர் வாணங்களின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த வண்டி வெடித்த 1780 செப்டம்பர் 10 காலைக்கு முன்பே, போரின் முடிவு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது. எழுதியது யார், எங்கே என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலையில் திப்புவின் தந்தை ஹைதர் அலி 80,000 பேருக்கு மேற்பட்ட படையோடு கணவாய்களைத் தாண்டி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். ஆகஸ்டில் ஆற்காட்டுக் கோட்டையை முற்றுகையிட்டார். கம்பெனியிடம் இருந்தது இரண்டு படை. சென்னையில் ஜெனரல் ஹெக்டர் மன்றோவிடம் 5,000 பேர் சொச்சம். வடக்கே குண்டூரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த பெய்லியிடம் சுமார் 2,800 பேர். இரண்டும் சேர்ந்தால் எட்டாயிரம். எண்பதாயிரத்துக்கு முன்னால் எட்டாயிரம் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் இதே மன்றோ 1764இல் பக்சரில் சுமார் 7,000 பேரை வைத்துக்கொண்டு அதைவிடப் பல மடங்கு பெரிய படையை முறியடித்தவர். கட்டுக்கோப்பான காலாட்படை ஒன்றாக நின்றால் என்ன ஆகும் என்பது ஹைதருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: இவர்களைச் சேர விடலாமா?

பிரிந்த படைகள் சேரும் இடம் எதிரியின் கைக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும். எந்த நாட்டுப் போர்க்கலையிலும் இது பால பாடம். பெய்லி நேராகச் சென்னைக்கு வந்திருந்தால் பரங்கிமலையில் நிம்மதியாகச் சேர்ந்திருக்கலாம். மக்லியாட் பிரபு என்ற தளபதி அதைத்தான் சொன்னார். மன்றோ கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் சேர்வோம் என்று முடிவு செய்தார். காஞ்சிபுரம் என்றால் ஆற்காட்டில் இருக்கும் ஹைதரின் மடியில் போய் உட்காருவது போல.

சரி, தவறான இடம்தான். அதையும் சமாளித்திருக்கலாம். அப்புறம் வந்தது ஆறு.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றை அடைந்தார். நம் பக்கத்து ஆறுகளை அறிந்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. வருஷத்தில் பாதி நாள் மணல்தான். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடினால் அதிகம். அன்றும் இறங்கி நடந்தே கடக்கிற அளவில்தான் இருந்தது. பெய்லி வடகரையிலேயே கூடாரம் அடித்தார். காலையில் கடந்துகொள்ளலாம் என்ற நினைப்பு. இரவில் வெள்ளம் வந்தது. மேற்கே மலைப்பக்கம் மழை கொட்டினால், கரையில் ஒரு தூறல்கூட விழாமல் ஆறு பெருகி வரும். நான் அந்தக் கரையில் நின்றபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ராத்திரி இந்த மணலை நம்பிப் படுக்கக் கூடாது சாமி" என்றார். அவருக்குப் பெய்லி யாரென்று தெரியாது. செப்டம்பர் தொடக்கம் வரை, ஒரு வாரத்துக்கு மேல், பெய்லி அந்தக் கரையிலேயே கிடந்தார்.

முதலில் ஆற்றைக் கட, பிறகு பாளையம் இறங்கு. எழுதப் படிக்கத் தெரியாத பாளையக்காரரின் சேவகனுக்கும் தெரிந்த விதி இது. ஒரு மாலை நேரச் சோம்பல் ஹைதருக்கு ஒரு வாரத்துக்கு மேல் கொடுத்தது.

ஹைதர் அந்த நாட்களை வீணாக்கவில்லை. ஆற்காட்டு முற்றுகையை அப்படியே விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு அருகே வந்து மன்றோவின் எதிரில் அமர்ந்தார். திப்புவை ஒரு பெரும் பிரிவோடு பெய்லியை மறிக்க அனுப்பினார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார். ஆனால் தன்னால் இனி வர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்கு எழுதினார். இருவருக்கும் இடையே சுமார் 14 மைல். ஒரு நாள் நடை!

மன்றோ ஏன் போகவில்லை? அரிசி. அவருடைய தானியமெல்லாம் காஞ்சிபுரத்தில் கோயில் மதிலுக்குள் இருந்தது. அதை விட்டுப் போனால் ஹைதர் அள்ளிக்கொள்வார் என்ற பயம். அவரைக் கோழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோறில்லாத படை இரண்டு நாளில் கலைந்துவிடும். ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ஆறாத வருத்தம். கர்னல் பிளெச்சர் தலைமையில் தேர்ந்த வீரர்கள் சுமார் 1,000 பேரைப் பிரித்து பெய்லியிடம் அனுப்பினார். பிரிந்து கிடப்பதே நோயாக இருக்கும்போது, மருந்தாக இன்னொரு பிரிவு! பிளெச்சர் கெட்டிக்காரர். வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்கள் என்று சந்தேகப்பட்டுப் பாதையை மாற்றி, 9ஆம் தேதி பெய்லியைச் சேர்ந்துவிட்டார்.

அன்று இரவே பெய்லி புறப்பட்டார். நடந்துகொண்டே இருந்திருந்தால் விடியும்போது காஞ்சிபுரம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பாதி வழியில் நிறுத்தினார். மறுபடியும் அதே நினைப்பு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே இரவில் ஹைதர், மன்றோவின் கண்ணுக்கு எதிரில் ஒரு பகுதிக் குதிரைப்படையை மட்டும் விட்டுவைத்துவிட்டு, மொத்தப் படையையும் பீரங்கிகளையும் திப்புவிடம் நகர்த்தினார். இங்கே கொஞ்சம், அங்கே எல்லாம். போர்க்கலையில் இதைவிட அழகான காரியம் எனக்குத் தெரியாது. மன்றோவின் பாளையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

விடிந்தபின் நடந்ததுதான் அந்தச் சுவரில் இருக்கிறது. சுமார் 3,800 பேரை நான்கு பக்கமும் வளைத்தார்கள். வெடிமருந்து வெடித்தது, பிளெச்சர் இறந்தார், பெய்லி வெள்ளைத் துணி காட்டினார். சுமார் 200 ஐரோப்பியர்கள் சிறைப்பட்டார்கள். பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். பீரங்கிச் சத்தம் கேட்டு மன்றோ புறப்பட்டார், காலம் கடந்துவிட்டது. கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். எந்தத் தானியத்துக்காக அசையாமல் இருந்தாரோ அதையும் காப்பாற்றவில்லை.

ஹைதர் துரத்தவில்லை. என் கணக்கில் அவருடைய ஒரே பெரிய பிழை இது. கலங்கி ஓடும் படையை விட்டுவிட்டு ஆற்காட்டு முற்றுகைக்கே திரும்பிப் போனார். நவம்பரில் ஆற்காடு விழுந்தது. ஆனால் அதே சமயத்தில் வங்காளத்திலிருந்து கம்பெனியின் தளபதி அயர் கூட் கடல் வழியாகச் சென்னை வந்து சேர்ந்துவிட்டார்.

1781 ஆகஸ்டில் அதே நிலைமை மீண்டும் வந்தது. வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸ் தலைமையில் ஒரு படை தரைவழியாக வந்துகொண்டிருந்தது. அதை மறிக்கத் திப்பு போயிருந்தார். கூட் காஞ்சிபுரத்தில் போய் உட்காரவில்லை, தானே வடக்கே நடந்து பழவேற்காட்டில் பியர்ஸைச் சேர்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 27 அன்று புள்ளலூரிலேயே ஹைதர் எதிர்த்து நின்றார். ராசியான களம் என்று அவருக்கு நம்பிக்கை. பொழுது சாயும் வரை சண்டை நடந்தது. கூட்டின் பக்கம் நானூறு பேருக்கு மேல் அடிபட்டார்கள். ஆனால் அவருடைய அணிகள் எங்கும் பிரியவில்லை. இருட்டியதும் ஹைதர் படையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.