உமிழ்நீர் சொல்லும் முரசின் செய்தி

பெரியோர்களே, வாசிகசாலை அன்பர்களே,

பற்கொதி வந்தால் அன்று பின்னேரமே பல் வைத்தியரைத் தேடிப் போகும் நாங்கள், பல் துலக்கும்போது முரசிலிருந்து கசியும் இரத்தத்தைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். முரசு நோய் பெரும்பாலும் நோவதில்லை. பல் ஆடத் தொடங்கும் வேளையில், அதைத் தாங்கிய எலும்பு பெருமளவு கரைந்திருக்கும்.

எல்லோருக்கும் அது ஒரே வேகத்தில் கரைவதுமில்லை. 1970 இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேஜிய ஆய்வாளரும் குழுவினரும் எமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார்கள். பல் துலக்கும் வழக்கமே இல்லாதிருந்த அவர்களுள் ஏறத்தாழ 8 வீதமானோருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 வீதமானோருக்கு மிதமாக வளர்ந்தது. 11 வீதமானோருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் படிக்கும் இந்தப் பாடம் அந்தத் தொழிலாளரின் வாயிலிருந்து வந்தது என்பதை நாங்களே அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு ஓர் உறுத்தல்.

அந்த 8 வீதத்தினரைப் போன்றோரைப் பல் ஆடுமுன் எப்படி அடையாளம் காண்பது? மில்லிமீற்றர் குறியிட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே விட்டு ஆழம் பார்ப்பதே வழக்கம். 3 மில்லிமீற்றர் வரை பயமில்லை. ஆனால் கம்பி அளப்பது பெரும்பாலும் நடந்து முடிந்த சேதத்தை. இன்று நடப்பதை உமிழ்நீர் ஓரளவு காட்டும். கிருமிகளை எதிர்க்க வரும் வெண்குருதி அணுக்கள் எம்எம்பி-8 என்ற நொதியத்தை வெளியிட, அது பல்லைப் பிடித்திருக்கும் கொலாஜன் நார்களை அரித்து, முரசிடுக்கில் ஊறும் நீரோடு வாய்க்குள் வந்து சேர்கிறது.

பரிசோதனை எளிது. வாயை ஒருமுறை கொப்பளித்து, ஒரு நிமிடம் பொறுத்து, 5 மில்லிலீற்றர் தூய நீரை அரை நிமிடம் வாயில் அலசிச் சிறு கிண்ணத்தில் உமிழ வேண்டும். வடிகட்டிய சில துளிகளை, கொரோனாக் காலத்தில் நாங்கள் கண்ட அன்ரிஜன் பட்டியைப் போன்ற ஒன்றில் விட்டால், ஐந்து நிமிடமளவில் கோடு தெரியும். இரண்டு கோடு என்றால் நொதியம் மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம் என்ற எல்லையை எட்டிவிட்டது என்று பொருள்.

என்னைக் கேட்டால், இதை முதலில் நீரிழிவு கிளினிக் வாங்குகளில் காத்திருப்போருக்கே செய்ய வேண்டும். சீனி கூடினால் முரசு நோய் முற்றும், முரசு நோய் முற்றினால் சீனியை அடக்குவது கடினம்.

எந்தப் பல்லில் நோய் என்பதைப் பட்டி சொல்லாது. சில வேளை நோயைத் தவறவும் விடும். ஆகவே கம்பிக்கு ஓய்வில்லை. இரண்டு கோடு வந்தவர் கதிரையில் சாய்ந்து, ஒவ்வொரு பல்லாக அளக்கப்பட்டு, பல்லில் படிந்து இறுகிய காறை நீக்கப்பட்ட சில வாரங்களின் பின் மீண்டும் கொப்பளித்துப் பார்க்கலாம். அப்போதும் இரண்டாவது கோடு மறையாவிட்டால், எந்த இடுக்கில் காறை தங்கியிருக்கிறது என்று பல் வைத்தியர்களான நாங்கள் மறுபடி தேடுவோம்.