தெரிகிறது, ஆனால் சமயத்துக்கு வருவதில்லை

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிறையப் படிக்கிறேன், குறிப்பும் எடுத்து வைக்கிறேன். யாராவது கேட்டால் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கென்று ஒரு சமயம் வரும்போது அதில் ஒன்றும் கைகொடுப்பதில்லை. என்னிடம் இருப்பது அறிவா, வெறும் தகவலா?"

இதை வெளிப்படையாகக் கேட்கவே ஒரு நேர்மை வேண்டும். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். இதயம் நின்றுபோன ஒருவருக்கு மார்பின் நடுவில் கைகளை வைத்து அழுத்த வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இவ்வளவும் எனக்கு முன்பே மனப்பாடம். பயிற்சி பொம்மைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு அழுத்தினேன். சரியான ஆழம் போனால் அந்தப் பொம்மை 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும். எனக்குச் சத்தமே வரவில்லை. நன்றாக அழுத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் என் முழங்கையைத் தொட்டு, "இது மடங்குகிறது. கையை நேராக்கி, தோளைக் கைக்கு மேலே கொண்டுவந்து, உடம்பின் எடையை இறக்குங்கள்" என்றார். அப்புறம்தான் சத்தம் வந்தது. இரண்டு நிமிடம் முடிவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வது எதனால் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதுவரை 5 சென்டிமீட்டர் எனக்கு ஓர் எண். இப்போது அது எவ்வளவு என்று என் தோளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எல்லோரும் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த எண் முன்பே தெரிந்திருந்ததால்தான் பயிற்சியாளர் திருத்தியது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தகவலை இளக்காரமாக நினைக்காதீர்கள். அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல்.

சரி, செய்து பார்த்தாலே போதுமா என்றால், அதுவும் போதாது. 'ஏன்' என்பது தெரிய வேண்டும். இதற்கு ஸ்கர்வி நோயின் கதையை விடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. மாதக்கணக்கில் கடலில் இருக்கும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, உயிரே போகும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர்தான் வேகமாகத் தேறினார்கள். 1753-ல் அதை எழுதியும் வெளியிட்டார். கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795-ல். தகவல் கையில் இருந்தே 42 ஆண்டுகள்!

அதை விட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. சாறு கெடாமல் இருக்க அதைச் சூடாக்கிக் கெட்டியாக்கி எடுத்துப்போகலாம் என்று லிண்டே ஒரு வழி சொன்னார். எந்தச் சத்து குணமாக்கியதோ அதைத்தான் அந்தச் சூடு அழித்தது. பிறகு 19-ம் நூற்றாண்டில் லெமனுக்குப் பதிலாக லைம் என்ற சிறிய பச்சைப் பழத்துக்கு மாறினார்கள். நாம் இரண்டையுமே எலுமிச்சை என்போம். அவர்களும் இரண்டும் புளிப்புதானே என்று நினைத்தார்கள். ஆனால் லைம் சாற்றில் அந்தச் சத்து குறைவு. சாறு கையில் இருந்தும் நீண்ட துருவப் பயணங்களில் ஸ்கர்வி திரும்பி வந்தது. அந்தச் சத்து வைட்டமின் சி என்று தெளிவானது 1930-களில்தான். எது வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தது, எதனால் என்று தெரியவில்லை. அதனால் நிலைமை கொஞ்சம் மாறியதும் தடம் புரண்டது.

உங்கள் குறிப்பேட்டுக்கு வருவோம். திரும்பத் திரும்பப் படிக்கும்போது 'இது எனக்குத் தெரியும்' என்ற தெம்பு வரும். அதை நம்பாதீர்கள். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

அதனால் இந்த வாரம் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். ஒரே ஒரு குறிப்பை எடுங்கள். 'கோபத்தில் பதில் சொல்லாதே' என்று வைத்துக்கொள்வோம். ஏன்? கோபத்தில் எதிராளி சொன்னதில் பாதிதான் காதில் விழும். எப்போது பொருந்தாது? கண் முன்னால் ஒருவருக்குத் தீங்கு நடக்கும்போது காத்திருக்க முடியாது. இதைக் குறிப்பைப் பார்க்காமல் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். அடுத்தது, அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பெருவிரல் அனுப்பும் பொத்தான் மேல் இருக்கும். அப்போது போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வர முடிகிறதா? முதல் தடவை முடியாமல் போகலாம், எனக்கும் முதலில் சத்தம் வரவில்லை. எந்த நொடியில் தவறியது என்பதை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள், அங்கிருந்து பேசுவோம்.